கேளுங்கள்: கிறித்தவ மன்றாட்டில் செவிமடுத்தலும் நெய்தற் கேள்வியும்

மத்தேயு நற்செய்தியின் ஏழாம் இயலில் இரப்போர்க்குக் கொடுக்கப்படும் என உறுதி கூறும் இடத்திலும், மாற்கு நற்செய்தியின் நான்காம் இயலில் விதைப்பவன் உவமை தொடங்கும் இடத்திலும், 1871இல் முழுமையாக வெளிவந்த பவர் மொழிபெயர்ப்பு ஒரே ஏவல்வினையைத் தருகிறது: ‘கேளுங்கள்’. கிரேக்க மூலத்தில் இவை இருவேறு வினைகள். முன்னது ‘ஐத்தேயோ’, இரத்தல். பின்னது ‘அகூவோ’, செவிமடுத்தல். இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்கும் மொழியில், மன்றாட்டு எப்போது இரத்தலாக நிற்கிறது, எப்போது செவிமடுத்தலாக மாறுகிறது என்னும் வினா எழுகிறது. தமிழ்க் கிறித்தவ இலக்கிய ஆய்வு இதனை இறையியலார்க்கு உரியதென விட்டுவிடத் தேவையில்லை. இது முதலில் ஒரு சொல்லாய்வுச் சிக்கல்.

மன்றாட்டைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள் பெரும்பாலும் வாயோடு தொடர்புடையவை. மன்றாடல் என்பது மன்றில் நின்று வழக்குரைத்தல். செபம் என்பது வடமொழி ‘ஜப’த்தின் வழிவந்து உருவேற்றலைச் சுட்டுவது. விண்ணப்பம், வேண்டுதல், முறையீடு ஆகியவற்றிலும் பேசுபவன் மனிதனே. செவியைச் சுட்டும் தனிச்சொல் இவ்வரிசையில் வழக்கூன்றவில்லை. ஆயின் ‘கேள்’ என்னும் வினை அவ்விடத்தை நிரப்பும் ஆற்றல் உடையது. ‘கடவுளிடம் கேட்டல்’ இரத்தல். ‘கடவுள் சொல்லக் கேட்டல்’ செவிமடுத்தல். ‘சொன்னபடி கேட்டல்’ பணிதல். ஆறாம் நூற்றாண்டில் பெனதிக்து எழுதிய துறவு ஒழுங்குநூல், ‘செவிகொடு’ என்னும் பொருளுள்ள இலத்தீன் ஏவலோடு தொடங்கிக் கீழ்ப்படிதலுக்குச் செல்கிறது. அவ்வழி முழுவதையும் தமிழ் ஒரே வினைக்குள் அடக்கியுள்ளது. இவற்றுக்கு அப்பால் நான்காவதாக ஒன்றும் உண்டு: ‘எனக்குக் கேட்கிறது’. இங்கே கேட்பவன் எழுவாய் அல்லன். அவன் நான்காம் வேற்றுமை ஏற்றுப் பின்னே நிற்க, குரல் எழுவாயாகிறது. கேட்கக் கற்றல் என்பதன் இலக்கண வடிவம் இதுவே எனலாம்.

இந்நான்காம் வழக்கின் இலக்கிய வேர்களை நெய்தல் திணையில் காணலாம். அதற்குப் பொருந்திய களம் புதுச்சேரிக்கு வடக்கே உப்பளங்கள் விரிந்துகிடக்கும் மரக்காணம் கடற்கரை. சிறுபாணாற்றுப்படை பாடும் எயிற்பட்டினத்தையும் கிரேக்க நூல்கள் சுட்டும் சோபட்மாவையும் ஆய்வாளர் பலர் இவ்வூரோடு இணைப்பர். அந்நூலை இயற்றிய நத்தத்தனாரின் இடைக்கழிநாடு இதற்கு அணித்தே வடக்கில் உள்ளது. தெற்கே புதுச்சேரியில், 1850களின் தொடக்கத்தில் மிஷன் அச்சகம் தேம்பாவணியை அச்சிட்டது. நெய்தல் மரபும் கிறித்தவத் தமிழும் ஒரே கரையின் அண்மையில் நிற்கின்றன. ஆயினும் இரண்டையும் சேர்த்துப் படிக்கும் வழக்கம் அரிதாகவே உள்ளது.

தை, மாசியில் தொடங்கி வடகிழக்குப் பருவமழை வரை நடைபெறும் உப்பு விளைச்சலில், உவர்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றுவதும் படிந்த உப்பை வாரி அம்பாரமாகக் குவிப்பதும் தொழிலாளர் செய்பவை. இடைப்பட்டதை வெயிலும் காற்றும் செய்கின்றன. எதிர்பாராத ஒரு மழை அனைத்தையும் கரைத்துவிடும். அகநானூற்று 140ஆம் பாடலில் அம்மூவனார் உப்புவயலை உழாமல் விளைக்கும் வயலாகக் காட்டுவது இதனாலேயே. இதனை மன்றாட்டுக்கு உவமையாக்கிவிடும் ஆசை எளிதில் எழும். கூலிக்கு வெயிலில் நிற்பவரின் உழைப்பைப் பிறர் அமைதிக்குப் படிமமாக்குவது அவ்வளவு நேர்மையான செயலன்று.

அப்பாடலில் மன்றாட்டு ஆய்வுக்குப் பயன்படுவது வேறொரு செய்தி. உமணர் மகள் நெல்லுக்கு உப்பை மாற்றச் சேரியில் கூவி வருகிறாள். வீட்டு நாய் குரைக்கிறது. அந்நாயை அழைப்பொலி அறிந்த நாய் என்று புலவர் அடைகொடுத்துக் காட்டுகிறார். பழகிய குரலை அறிந்திருப்பதாலேயே அதற்குப் புதுக்குரல் புதிதாகப்படுகிறது. யோவான் நற்செய்தியின் பத்தாம் இயலில் ஆடுகள் மேய்ப்பன் குரலை அறிந்து அயலான் குரலுக்கு விலகுவதும் இத்தகையதே. கேட்டல் இங்கே காதின் கூர்மையன்று, நெடுநாட் பழக்கம்.

அதே புலவரின் குறுந்தொகை 163 இன்னும் நுண்ணியது. தலைவி கடலை நோக்கி, உன்னை வருத்தியவர் யார் என வினவுகிறாள். நள்ளிரவிலும் அதன் குரல் கேட்பதாகக் கூறுகிறாள். வினவுதலும் செவியுறுதலும் ஒரே பாடலில் அமைகின்றன. குரலே எழுவாயாக நிற்கும் மேற்கூறிய அமைப்பும் இங்கு உண்டு. பாடல் சுட்டும் துறை மரக்காணத்தைச் சார்ந்ததன்று, திணை ஒன்றே. ஆனால் கடல் விடை தருவதில்லை. தலைவி கேட்பது தன் துயரையே. நெய்தலின் உரிப்பொருளான இரங்கல் அவ்வாறு கேட்பதைக் குறையாகக் கருதாது. கிறித்தவ மன்றாட்டுக்கோ அது ஆபத்து. தன் ஆசையின் எதிரொலியை இறைவன் குரலெனக் கொள்ளும் தீர்க்கதரிசிகளை எரேமியா நூலின் 23ஆம் இயல் கடுமையாகச் சாடுகிறது.

இவ்வேறுபாட்டை வீரமாமுனிவர் உணர்ந்திருந்தார் என்பதற்குத் தேம்பாவணியிலேயே சான்று உண்டு. அதன் தலைவனான வளன் என்னும் சூசை, நற்செய்திகளில் ஒரு சொல்லும் பேசாதவர். மத்தேயு நற்செய்தியில் நான்கு முறை கனவில் செய்தி பெறுகிறார், அதன்படி நடக்கிறார். சொன்னபடி கேட்டல் என்னும் தமிழ் வழக்குக்கு இவரினும் பொருத்தமான மாந்தர் இலர். ஆனால் மூன்று காண்டம், 36 படலம், 3615 பாடல் கொண்ட காப்பியத்தின் தலைவன் வாய்மூடியிருக்க இயலாது. மரபு அவரைப் பேசவைத்தது. தமிழ் பெற்றது ஒரு பெருங்காப்பியம்; இழந்தது அந்த மௌனம். இழப்பு சிறியதன்று.

எனினும் கருணையன் தன் தாயை இழந்து புலம்பும் பகுதி வேறுவகையில் அமைந்துள்ளது. அவன் புலம்பலுக்கு இசைந்து மரங்களிலும் சுனைகளிலும் ஒலி எழுகிறது. காடு அழுகிறது என்று முனிவர் முடிக்கவில்லை. அழுவது போன்றது என உவம உருபு இட்டு நிறுத்துகிறார். நெய்தல் தலைவியின் கடலுக்கு அவ்வுருபு தேவைப்படவில்லை. ஆன்மிகத் தெளிதேர்வை அடிப்படைப் பயிற்சியாகக் கொண்ட இயேசு சபையின் துறவி, துயருற்றவன் செவியில் விழும் ஒலியை இறைமொழியாக்கத் தயங்கியதில் வியப்பில்லை. காப்பியத்துக்கு மூலமாகச் சுட்டப்படும் ஆகிரெதா மரியாவின் நூலே, காட்சியில் கண்டு கேட்டதாக எழுதப்பட்டு 1681இல் உரோமையின் தடைக்கு உள்ளானது என்பது இங்கே நினையத்தக்கது.

இன்றைய எழுப்புதல் கூட்டங்களின் சாட்சி மொழியில் அந்தப் ‘போல’ மறைந்துவிட்டது. ‘ஆண்டவர் என்னோடு பேசினார்’ என்னும் தொடர் பெரும்பாலும் பேசுபவருக்குச் சாதகமான செய்தியையே தாங்கி வருகிறது. கேட்டோர் அதனை மறுத்துரைக்கவும் இடம் தருவதில்லை. சாமுவேல் முதல் நூலின் மூன்றாம் இயல் காட்டும் பயிற்சி இதற்கு நேர்மாறானது. சிறுவன் மும்முறை குரல் கேட்டும் அது யாருடையது என அறியவில்லை. ஒவ்வொரு முறையும் ஏலியிடம் ஓடுகிறான். கண் மங்கிய அம்முதியவரே எவ்வாறு விடையிறுப்பது எனக் கற்பிக்கிறார். அவ்வாறு கற்றவன் முதலில் கேட்ட செய்தி, கற்பித்தவரின் குடும்பத்துக்கு எதிரான தீர்ப்பு. அவன் விடியும்வரை படுத்திருந்தான், சொல்ல அஞ்சினான், எதையும் மறைக்காதே என்று ஏலி வற்புறுத்திய பின்னரே சொன்னான்.