ரோஜேயின் தெசாரஸ்: ஒத்த சொல்லா, ஒரே சொல்லா?

ஆய்வேட்டின் நன்றியுரையில் என் நெறியாளரை ‘ஃபேமஸ்’ என்று எழுதியிருந்தேன். அதே சொல் அடுத்த வரியிலும் வந்தது. சரி, மாத்திடுவோம் என்று தெசாரஸைப் புரட்டி ‘நொட்டோரியஸ்’ என்று போட்டேன். படித்துவிட்டு, “ஏம்ப்பா, நான் என்ன கொள்ளைக்காரனா?” என்று கேட்டார். கெட்ட பெயரால் ஊரறிந்தவரைச் சொல்லும் சொல் அது. திருத்தியபின்தான் ஏடு அச்சுக்குப் போனது.

தவறு என்னுடையதுதான். ஆனாலும் அந்த நூல் வகைக்கும் இதில் பங்கு உண்டா என்ற கேள்வி விடவில்லை.

பீட்டர் மார்க் ரோஜே ஒரு மருத்துவர். 1805-லேயே சொந்த உபயோகத்துக்கு ஒரு சொற்பட்டியல் செய்துவைத்திருந்தார். அதை விரித்து 1852-ல் நூலாக்கியபோது அவருக்கு வயது 73. அகரவரிசையை விட்டுவிட்டு, 6 வகுப்புகள், 1000 தலைப்புகள் என்று கருத்துவாரியாகச் சொற்களை அடுக்கினார். பொருள் விளக்கம் கிடையாது. ஒத்த சொற்களுக்கு இடையிலான வேறுபாட்டை ஆராய்வது தனித் துறை, அதில் தாம் இறங்கவில்லை என்று அவரே சொல்லிவிடுகிறார்.

நேர்மையான பேச்சுதான். தெரிந்த சொல் நாக்கு நுனியில் நிற்கும்போது எடுத்துக்கொடுப்பதற்கான நூல் அது. நாமோ தெரியாத சொல்லைத் தேடி அங்கே போகிறோம். சிக்கல் அங்கேதான்.

ரோஜே தமக்கு முன்னோடியாக அமரகோசத்தைக் குறிப்பிடுகிறார். கூடவே அதன் வகைப்பாடு குழப்பமானது என்று தள்ளியும் விடுகிறார். இது எனக்கு ஒப்பவில்லை. நம் திவாகரமும் 12 தொகுதிகளில் தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் என்றுதான் போகிறது. அதிலும் விளக்கம் இல்லை. ஆனால் நிகண்டை மனப்பாடம் செய்தவர் ஆசிரியரிடம் பாடலும் கேட்டார். எந்தச் சொல் எங்கே உட்காரும் என்பது பாடலில் தெரிந்தது. வகைப்பாட்டை மட்டும் பார்த்த ரோஜே, நூல் பயன்பட்ட முறையைப் பார்க்கவில்லை.

‘ஸ்லெண்டர்’, ‘ஸ்கின்னி’ இரண்டும் ஒல்லிதான். முதலாவது பாராட்டு, இரண்டாவதைக் கேட்டால் முகம் சுருங்கும். கொடியிடை என்பதும் நோஞ்சான் என்பதும் ஒன்றாகுமா? இந்த வேறுபாட்டைச் சொல்வதற்கென்றே 1942-ல் வெப்ஸ்டரின் ஒத்தசொல் அகராதி வந்தது. ஒவ்வொரு சொல்லும் எங்கே பிரிகிறது என்று எடுத்துக்காட்டோடு காட்டும்.

இப்போது என் வழக்கம் இதுதான்: தெசாரஸில் தேடுவேன், அகராதியில் பொருள் பார்ப்பேன், பிறகு நாலு வாக்கியங்களில் அந்தச் சொல் எப்படி நடமாடுகிறது என்று பார்ப்பேன். சந்தேகம் தீரலையா, பழைய சொல்லையே இரண்டாம் தடவையும் எழுதிவிடுவேன். கூறியது கூறல் குற்றம்தான். நெறியாளரைக் கொள்ளைக்காரர் ஆக்குவது அதைவிடப் பெரிய குற்றம்.