பீபியின் ஐந்து கோட்டு மீன்

வில்லியம் பீபியோட ‘ஹாஃப் மைல் டவுன்’ 1934ல வந்த புத்தகம். ஆழ்கடல் பத்தி எழுதுற யாரும் அதைத் தொடாம போறதில்லை. பாதிப் பேர் புகழ்றாங்க, மீதிப் பேர் கிண்டல் பண்றாங்க. ரெண்டுமே எனக்குச் சரியாப் படலை. காரணம் அதில் வர்ற ஒரு சின்ன மீன்.

பின்னணி தெரியாதவங்களுக்காகச் சுருக்கமா: பெர்முடா பக்கத்துக் கடலில், ஓட்டிஸ் பார்ட்டன் செய்யவெச்ச எஃகு உருண்டைக்குள் பீபியும் பார்ட்டனும் உடம்பைக் குறுக்கி உட்கார்ந்துகொள்ள, உருண்டையைக் கம்பிவடத்தில் கட்டி இறக்குவார்கள். பார்க்கிறதுக்கு 8 அங்குல விட்டமுள்ள குவார்ட்ஸ் சன்னல். பீபி தொலைபேசியில் சொல்லச் சொல்ல, மேலே குளோரியா ஹாலிஸ்டர் எழுதிக்கொள்வார். 1934 ஆகஸ்ட் 15 அன்று 3,028 அடி வரை போனார்கள். அதுவரை யாரும் உயிரோடு அந்த ஆழத்துக்குப் போய்த் திரும்பினதில்லை.

அந்த மாதம்தான் பீபி அந்த மீனைப் பார்க்கிறார். உடம்பு ஏறக்குறைய வட்டம். பக்கவாட்டில் ஐந்து ஒளிக்கோடுகள்: நடுவில் ஒன்று, மேலே இரண்டு, கீழே இரண்டு. ஒவ்வொரு கோடும் வெளிர்மஞ்சள் விளக்குகளின் வரிசை; ஒவ்வொரு விளக்கையும் அரைவட்டமாகச் சுற்றி ஊதாப் புள்ளிகள். கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. பீபி அதற்கு ‘பாத்திசைடஸ் பென்டகிராமஸ்’ என்று லத்தீன் பெயரே வைத்துவிட்டார். இன்றுவரை யார் வலையிலும் அது விழலை.

மீனியல் அறிஞர் கார்ல் ஹப்ஸ் 1935ல் ‘கோப்பியா’ இதழில் எழுதின மதிப்புரையில் இதைப் பிடித்துக்கொண்டார். ஆவலில் பீபி சன்னலோடு முகத்தை ஒட்டிவைத்து மூச்சுவிட, கண்ணாடியில் ஆவி படிந்து, ஒளிவிடும் ஏதோ ஒரு சொறிமுட்டை வகை உயிர் மீனாகத் தெரிந்திருக்கலாம் என்பது அவர் ஊகம். குறும்பான எழுத்து, இன்னைக்கும் எல்லாரும் அதையே சொல்றாங்க. ஆனா அதுவும் ஊகம்தானே? ஹப்ஸ் உருண்டைக்குள்ள இல்லையே.

ஹப்ஸ் நிற்கிற இடம் கண்ணாடி ஜாடியின் பக்கம். ஜாடி என்ன சொல்லும்? விளக்குமீன்களையே எடுத்துக்குங்க. சுமார் 250 இனங்கள். உடம்பில் ஒளிப்புள்ளிகள் எங்கெங்கே இருக்குன்னு பாத்துத்தான் பல இனங்களைப் பிரிக்கிறாங்க. வலையில் உராய்ந்து மேலே வரும்போது செதில் உதிர்ந்து, அந்தப் புள்ளிகளில் சிலதும் போய்விடும். மிச்சமிருப்பதை வைத்து விளக்கு எந்த இடத்தில் இருந்தது என்று சொல்லலாம். எப்போ எரிஞ்சது, எதுக்கு அணைஞ்சதுன்னு சொல்ல முடியாது. வலை கொண்டுவருவது கடலில் இருப்பதில் கொஞ்சம்தான் என்று பீபி வாதாடுறதில் நியாயம் இருக்கு. அவரே அதே கடலில் வருஷக்கணக்கா வலைபோட்டவர்.

எனக்குச் சந்தேகம் நிறத்தில்தான். ஆழ்கடல் உயிர்கள் விடும் ஒளி பெரும்பாலும் நீலம் அல்லது நீலப்பச்சை. கடல்நீரில் அதிக தூரம் போவது நீலம். அங்கே இருக்கிற பெரும்பாலான மீன்களின் கண்ணும் அதற்கே பழகினது. சிவப்பு விடுகிற மீன்கள் இருக்கு, விதிவிலக்கா. மஞ்சளும் ஊதாவும் ஒரே உடம்பில், அதுவும் இவ்வளவு ஒழுங்கா? இருட்டுக்குப் பழகின மனிதக் கண்ணுக்கு மங்கலான வெளிச்சத்தில் நிறம் பிரித்தறிவதே கஷ்டம்.

ஆனாலும் பார்த்ததைப் பார்த்தேன்னு எழுதினதில் பீபி தப்பே பண்ணலை. பெயர் வெச்சதில்தான் பண்ணினார். லத்தீன் பெயர் வந்ததும் சில நொடிக் காட்சி பதிவேட்டுக்குள்ள போயிடுது. இதே மாதிரி, உடல் கையில் இல்லாமலே, இன்னும் மூன்று மீன்களுக்கும் பெயர் வைத்தார். அதுக்கு மேல எல்ஸ் போஸ்டல்மான் வரைந்த ஓவியம் வேற. அற்புதமான ஓவியர், ஆனா அந்த ஆழத்துக்கு அவர் போனதில்லை, பீபி வாயால் கேட்டு வரைந்தார். ஓவியத்தில் ஒவ்வொரு துடுப்பும் விளிம்பு சுத்தமாத் தெரியுது. வார்த்தையில் இருந்த அவசரமும் தடுமாற்றமும் அதில் இல்லை. மக்கள் மனசில் நின்னது ஓவியம்தான்.

இதே புத்தகத்தில் வேறொரு இடம் இருக்கு, அதிகம் யாரும் பேசாதது. ஏதோ சன்னல் பக்கம் வந்து ஒளியாக வெடிக்கிறது. முதலில் பீபிக்கு என்னவென்று புரியலை. திரும்பத் திரும்ப இறங்கி, திரும்பத் திரும்பப் பார்த்தபிறகுதான் பிடிபடுகிறது: மிரண்டுபோன இறால் ஒளிவிடும் திரவத்தைப் பீச்சுகிறது. புதுப் பெயரும் வைக்கலை, அவசரமும் படலை. அதைச் சோதிக்க அடுத்து இறங்கப்போகிறவருக்கும் வழி இருக்கு.

ஐந்து கோட்டு மீனையும் அப்படியே விட்டிருக்கலாம்: ‘இன்ன ஆழத்தில், இத்தனை நொடி, ஐந்து கோடு ஒளி’. புத்தகம் கையில் கிடைத்தால் முதலில் அந்த இறால் பக்கத்தைப் படிங்க. படங்களை அப்புறம் திருப்பலாம்.