பேசும் பாவையும் ஆளும் பாவையும்

ஒரு நாடு முழுவதும் சிறைக்கூடமாகிவிட்ட பின், அங்கே ஓர் ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் விரும்பினால் என்ன நேரும்? இந்த ஒரு வினாவை வைத்துக்கொண்டு மேனாட்டார் ஏறத்தாழ நூறாண்டாகக் கதை புனைந்து வருகின்றனர். அத்தகைய நாட்டுக்கு அவர்கள் 'டிஸ்டோப்பியா' என்று பெயரிட்டனர். கொடுங்கனவு நாடு எனத் தமிழில் கூறலாம். ஜார்ஜ் ஆர்வெல் 1949இல் வெளியிட்ட '1984' இவ்வகையில் பெரும்பெயர் பெற்றது. அதில் வின்ஸ்டனும் ஜூலியாவும் கொள்ளும் காதலே அரசுக்கு எதிரான கலகம். உடலை வதைப்பதோடு அரசு நிற்பதில்லை. ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்கச் செய்து, அன்பு இருந்த இடத்தையே துடைத்துவிடுகிறது.

இவ்வகைக் கதைகளை மாணவர் விரும்பிப் படிக்கின்றனர். பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே படிக்கின்றனர். தமிழாசிரியருள் சிலர் இவற்றை நமக்குப் புறம்பான சரக்கு என்று ஒதுக்குவர். ஒதுக்குவது எளிது. ஆனால் காதலும் சபலமும் நம்பிக்கையும் அதிகாரத்தின் நிழலில் மோதிக்கொள்ளும் கதை தமிழுக்குப் புதிதா என்பதை எண்ணிப் பார்த்த பிறகன்றோ ஒதுக்க வேண்டும்?

உரைநடையில் இத்துறைக்கு நல்ல சான்று, சுஜாதா எழுதிய 'என் இனிய இயந்திரா'. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்து, பின் நூலாகவும் தொலைக்காட்சித் தொடராகவும் பரவியது. 21ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடப்பதாக அமைந்த கதை. ஜீவா என்னும் தலைவன் நாட்டை ஆள்கிறான். மக்களின் பெயர்கள் இரண்டெழுத்தில் அடங்க வேண்டும். பிள்ளை பெறுவதற்கும் அரசின் இசைவு வேண்டும். அந்த இசைவு கிடைத்த மகிழ்ச்சியில் இருக்கும் நிலாவின் கணவன் சிபி திடீரெனக் காணாமற் போகிறான். அவள் வீட்டில் குடிபுகும் ரவியும், ஜீனோ என்னும் இயந்திர நாயும் அவளை ஒரு பெரும் சதிக்குள் இழுத்துச் செல்கின்றனர். இறுதியில் வெளிப்படும் உண்மை இதுதான்: ஜீவா என்று ஒருவன் இல்லை. மக்கள் கைகூப்பிய தலைவன் ஒளியால் அமைத்த வெற்றுருவம்.

கதையின் அமைப்பு குறை சொல்ல முடியாதது. இரண்டெழுத்துப் பெயர் என்னும் ஒரு சிறு விதியிலேயே ஆட்சியின் தன்மையை ஆசிரியர் காட்டிவிடுகிறார். பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப் பதிவு இயந்திரத்தை உருவாக்கும் பணியில் முன்னின்ற பொறியாளர் அவர் என்பதை நினைத்தால், இயந்திரத்தால் மக்களை ஏய்க்கும் ஆட்சியை அவர் கற்பனை செய்தது தனிச் சுவையாகிறது.

எனினும் காதல் என்ற அளவில் நாவல் மெலிந்தே நிற்கிறது. சிபியின்மேல் நிலா வைத்த அன்பு கதையை ஓட்டும் எரிபொருளாகப் பயன்படுகிறது. அந்த அன்புக்கு உள்ளிருந்து ஒரு சோதனை வருவதே இல்லை. அவளை மற்றவர் ஏய்க்கின்றனர், அச்சுறுத்துகின்றனர், ஒரு கட்டத்தில் அரியணையிலும் ஏற்றுகின்றனர். அவள் நெஞ்சம் இரண்டுபட்டு நிற்கும் இடம் ஒன்றும் நினைவில் தங்குவதில்லை. நூலில் உண்மையாக வளரும் பற்று ஜீனோவுடையது. ஏவியதைச் செய்யப் பிறந்த இயந்திரம் நூல்களைப் படித்து, கேலி பேசி, நட்பு இன்னதென்று மெல்ல மெல்ல உணர்கிறது. மனிதருக்குக் கொடுத்திருக்க வேண்டிய நெஞ்சத்தை நாய்க்குக் கொடுத்துவிட்டார் சுஜாதா. இந்த நாவலையும் அதன் தொடர்ச்சியாகிய 'மீண்டும் ஜீனோ'வையும் படித்த எவரைக் கேட்டாலும் முதலில் நாயைத்தான் நினைவுகூர்வர்.

இவையெல்லாம் வெறுங்கற்பனை என்று மூவார் ஆற்றங்கரையில் வாழ்வோர் சொல்லிவிட முடியாது. 1942 சனவரி நடுவில் ஜப்பானியப் படை அந்த ஆற்றைக் கடந்தது. எதிர்த்து நின்ற 45ஆவது இந்தியக் காலாட்படையணியில் பயிற்சி முற்றுப்பெறாத இளைஞரே மிகுதி. சில நாள்களுக்குள் அப்படையணி சிதைந்தது. பாரிட் சூலோங்கில், நடக்க இயலாமல் பின்தங்கிய ஆஸ்திரேலிய, இந்திய வீரர்கள் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் சிங்கப்பூரும் வீழ்ந்தது. அதன் பெயர் ஷோனான் ஆயிற்று. கடிகாரங்கள் தோக்கியோ நேரத்துக்கு மாற்றப்பட்டன. ஆண்டும் 2602 என்று எழுதப்பட்டது. பெயரையும் நேரத்தையும் ஆண்டையும் ஓர் ஆட்சி கைப்பற்றிக்கொள்வதை ஆர்வெல் எழுதுவதற்கு ஏழாண்டுக்கு முன்னரே மலாயாத் தமிழர் வாழ்ந்து பார்த்தனர். பின்னர்த் தோட்டங்களிலிருந்து பல்லாயிரவர் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டதும், மனைவியர் வழிபார்த்து நின்றதும் இங்குள்ள குடும்பங்கள் பலவற்றின் வரலாறு. காணாமற் போன சிபியை இங்குள்ள வாசகர் பழைய உறவினரைப் போல் அடையாளம் கண்டுகொள்வர்.

அக்காலத்தின் காதலை எழுதியவர் ப. சிங்காரம். 1959இல் நூலான 'கடலுக்கு அப்பால்' போர் முடிந்த பினாங்கைக் காட்டுகிறது. தேசியப் படையிலிருந்து திரும்பும் செல்லையாவுக்கு முதலாளி தம் மகள் மரகதத்தைக் கொடுக்க மறுக்கிறார். போர்க்களம் கண்டவன் கடைக்கு ஆகான் என்பது அவர் கணக்கு. கொடுங்கோல் ஆட்சி போய்விட்டது. ஆயினும் காதல் தோற்கிறது. தோற்கடிப்பது வட்டிக்கடைப் பேரேடு. சிங்காரத்தின் இந்த நடுநிலை நோக்குக்கு ஈடான ஒன்று மேனாட்டுக் கொடுங்கனவுக் கதைகளில் அரிது.

ஆனால் சபலமும் நம்பிக்கையும் ஒரே நெஞ்சில் பொருதுவதைக் காண வேண்டுமானால் மணிமேகலைக்கே செல்ல வேண்டும். சாத்தனாரின் புகார் கொடுங்கனவு நாடு அன்று. அறம் அறிந்த மன்னன் ஆளும் ஊர். எனினும் ஒரு கணிகை குலப் பெண்ணுக்கு அவ்வூரில் தப்பிச் செல்ல வழியில்லை. அவளை விரும்புகிறவன் இளவரசன் உதயகுமரன். அவன் தேரும் ஆளும் அதிகாரமும் அவன் காதலோடு கூடவே வருகின்றன. உவவனத்தில் அவனுக்கு அஞ்சிப் பளிக்கறைக்குள் புகுந்துகொள்ளும் மணிமேகலை, அவன் சென்றபின் சுதமதியிடம் ஒன்றை ஒப்புக்கொள்கிறாள்: தன்னை இழிவாகப் பேசிய அந்த அயலான் பின்னாலேயே தன் நெஞ்சு சென்றுவிட்டது என்பதை. துறவுக்குரிய காப்பியத் தலைவியின் வாயிலேயே இதைச் சொல்ல வைத்த சாத்தனாரின் துணிவு பெரிது. வகுப்பறையில் இந்த இடத்தை விரைந்து கடந்துவிடுவது பலருக்கு வழக்கம். அவ்வாறு கடந்தால் காப்பியத்தின் உயிர்நிலையே போய்விடும்.

மந்திரத்தால் வேற்றுருக் கொள்ளவும் பசியை வெல்லவும் வல்லவளுக்குச் சோதனை ஏது என்று ஒரு தடை எழலாம். தடை நியாயமானதே. இராசமாதேவி அவளைச் சிறைவைத்துச் செய்யும் கொடுமைகளில் அவளை மந்திரமே காக்கிறது. அப்பகுதிகளில் படிப்போர்க்குப் பதற்றம் குறைவு. நெஞ்சின் சோதனைக்கோ மந்திரம் உதவவில்லை. உதயகுமரன் முற்பிறப்பில் தன் கணவன் இராகுலன் என்பதை மணிபல்லவத்தில் அறிகிறாள். அறிந்தபின் பற்று அறவில்லை; வேர்தான் தெரிகிறது. காயசண்டிகை உருவில் அவள் உலாவியதால் ஐயுற்ற காஞ்சனன் இளவரசனை வெட்டி வீழ்த்துகிறான். அப்போது அவள் அழுது அவன் உடலை நோக்கிச் செல்கிறாள். அவளைத் தடுத்து நிறுத்துவது தூணில் உள்ள கந்திற்பாவையின் குரல்.

இங்கேதான் சாத்தனாரையும் சுஜாதாவையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. இரண்டு கதையிலும் ஒரு பாவை பேசுகிறது. ஜீவா என்னும் ஒளிப்பாவை மக்களின் நம்பிக்கையை வாங்கிக்கொண்டு பொய்யைத் திருப்பித் தருகிறது. கந்திற்பாவை கேட்பவள் விரும்பாத உண்மையைச் சொல்கிறது. தன்னை வணங்கச் சொல்வதில்லை. சென்றதையும் வருவதையும் உரைத்து, அவளே முடிவு செய்யுமாறு விட்டுவிடுகிறது. நம்பிக்கைக்கு உரியது எது, உரியதல்லாதது எது என்று மாணவன் கேட்டால், இவ்விரு பாவைகளையும் காட்டி ஒரு பாடவேளை முழுவதும் பேசலாம்.

இன்னொரு வேற்றுமையும் உண்டு. நிலா அரியணையில் அமர்த்தப்பட்ட பின்னும் ஆட்சி அவள் பின்னால் நிற்போர் கையிலேயே இருக்கிறது. மணிமேகலையிடம் அரியணை இல்லை. அமுதசுரபி ஒன்றே உண்டு. சிறையில் பசித்துக் கிடந்தோர்க்கு உணவிட்ட பின் மன்னன் வரம் கேட்கச் சொன்னபோது, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குமாறு கேட்கிறாள், அவனும் இசைகிறான். உதயகுமரன் அப்போது உயிரோடிருக்கிறான். அவன் அவளை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான்.