கண நேரக் காட்சியும் ஒளிநாடாப் பிரதியும்

போர்க்கலைத் திரைப்படமொன்றின் வீட்டுப் பிரதியை மதிப்பிடுவோர் பெரும்பாலும் இரண்டு வினாக்களையே எழுப்புவர்: படம் தெளிவாயுள்ளதா? நிறம் பளிச்சென்று தெரிகின்றதா? இவை தொலைக்காட்சிப் பெட்டி வாங்கச் செல்வோனுக்குரிய வினாக்கள். நெறியாளர் எதைக் காட்ட எண்ணினார், எதை மறைக்க எண்ணினார், பிரதியானது அவ்விரண்டுக்கும் விசுவாசமாக உள்ளதா என்பதே விமர்சகன் எழுப்பவேண்டிய வினா.

இதனை ஆராய்வதற்குக் கிங் ஹூவின் 'எ டச் ஒஃப் சென்' (1971) மிகப் பொருத்தமான படமாகும். சீன எழுத்தாளர் பூ சொங்லிங்கின் கதையொன்றைத் தழுவித் தாய்வானில் எடுக்கப்பட்ட இப்படம் மூன்று மணித்தியாலம் ஓடுவது; 1975இல் கான் திரைப்பட விழாவிலே தொழில்நுட்பச் சிறப்புக்கான பரிசைப் பெற்றது. ஏறத்தாழ முதல் ஒரு மணித்தியாலத்துக்குச் சண்டையே இல்லை. சண்டைக்காகவே கசெட்டைத் தேடியோர் பலர் இவ்விடத்திலேயே பொறுமையிழந்திருப்பர்!

அகலத்திரைப் படமாகிய இதன் அகலம் உயரத்தின் 2.35 மடங்கு. பழைய தொலைக்காட்சித் திரையின் அகலமோ உயரத்தின் 1.33 மடங்கே. திரை நிறையுமாறு இப்படத்தை வெட்டினால் நூற்றுக்கு 43 பங்கு அகலம் போய்விடும். எதிரிகளைச் சட்டகத்தின் இரு ஓரங்களிலும் நிறுத்தி, இடைவெளியையே பகையின் அளவுகோலாக்குபவர் கிங் ஹூ. வெட்டிய பிரதியில், வாளோங்கி நிற்பவள் யாருமற்ற வெளியைப் பார்த்து நிற்பாள். மேலும் கீழும் கரும்பட்டையிட்டு முழு அகலத்தையும் காத்த பிரதிகளிலே இக்குறை நீங்கினும், படத்துக்கு எஞ்சிய கோடுகள் குறைந்துவிட்டன.

மூங்கிற்காட்டுச் சண்டையின் சிக்கல் வேறு. பாய்ச்சலை முழுமையாகக் காட்டாது, தாவும் கால், மரத்தின் உச்சி, கீழ்நோக்கிப் பாயும் உடல் எனத் துண்டுகளாக அடுக்குகின்றார் நெறியாளர். டேவிட் போர்ட்வெல் இவ்வுத்தியை விரிவாக ஆராய்ந்துள்ளார். எட்டுச் சட்டங்கள் கொண்ட துண்டொன்று திரையில் நிற்பது ஒரு செக்கனின் மூன்றிலொரு பங்கே. 24 சட்டங்களை 30 ஆக மாற்றும் ஒளிநாடா முறையில் அடுத்தடுத்த இரு சட்டங்கள் ஒன்றிற் கலந்துவிடுவதுண்டு. மின்னி மறையவேண்டியது அப்போது மங்கிக் கலங்குகின்றது. பார்வையாளன் எதையோ தவறவிட்டோமென வியப்பது கிங் ஹூவின் கலை; எதுவுமே தெரியவில்லையென எரிச்சலடைவது பிரதியின் குறை. மலிந்த பிரதியை மட்டும் பார்த்தவன் இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிதல் அரிது. படத்தின்மீது சுமத்தப்பட்ட பழிகளுட் சில உண்மையிற் கசெட்டுக்கே உரியன.

எனினும், பிரதியை உரைத்துப் பார்க்கும் உரைகல் பாழடைந்த கோட்டையின் இரவுச் சண்டையே. பேய்கள் உலவுகின்றன என்ற வதந்தியை ஆயுதமாக்கி, அறிஞனாகிய கூ பகைவரை அங்கு வீழ்த்துகின்றான். விடிந்தபின் தன் பொறிகளையும் பொம்மைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நடக்கின்றான். பிணங்களைக் கண்டதும் சிரிப்பு அடங்கிவிடுகின்றது. படத்தின் அறநோக்கு திரும்பும் இடம் இதுவே. இரவிலே நாம் அரைகுறையாகக் கண்டிருந்தாலன்றிக் காலையின் அதிர்ச்சி பிறவாது. இருள் முழுவதும் கருமையாய் உறைந்த ஒளிநாடாவில் காலை விளக்குவதற்கு எதுவும் இல்லை. 'தெளிவு' வேண்டுமென்று ஒளியைக் கூட்டிய பிரதியிலோ பொறிகள் இரவிலேயே வெளிப்பட்டுவிடும். முன்னதிலும் பின்னது பெருங்கேடு என்பேன்; முன்னது இயலாமை, பின்னது திருத்தம்.

மூல நெகற்றிவிலிருந்து புதுப்பிக்கப்பட்டு 2015இல் கானிலே திரையிடப்பட்டு, பின்னர் புளூ-றே வட்டாகவும் வந்த பிரதியை இவ்வகையிலேயே நான் உயர்வாக மதிக்கின்றேன். அதில் இரவு இரவாகவே விடப்பட்டுள்ளது. பிலிமுக்கு இயல்பான மணிகளும் துடைத்தகற்றப்படவில்லை. அவற்றை அழுக்கெனக் கருதி நீக்கிய வேறு படங்களின் பிரதிகளில் நடிகர் முகங்கள் மெழுகுப் பாவைகளாய்விட்டமை பலரும் அறிந்ததே. இப்பிரதி இருண்டுள்ளதெனக் குறைகூறுவோர் அறை விளக்கை அணைத்துவிட்டு அவ்விரவுக் காட்சியை மீண்டும் ஒருமுறை பார்த்தல் நன்று.