தனிக்கதையும் கூட்டுக்கதையும்: மீத்திறல் வீரர் திரைப்படங்கள் பற்றிய ஓர் ஆய்வு

அமெரிக்கத் திரையுலகில் ‘சூப்பர் ஹீரோ’ என வழங்கும் மீத்திறல் வீரரைப் பற்றிய படங்கள் கடந்த கால் நூற்றாண்டில் பெருகியுள்ளன. அவற்றைச் சுவைப்போரிடையே ஒரு வழக்கு நெடுநாளாக நிலவுகின்றது. ஒரு வீரனின் வாழ்வை மட்டும் கூறும் தனிக்கதை சிறந்ததா, தத்தமக்கெனக் கதையுடைய வீரர் பலர் ஓரிடத்திற் சந்திக்கும் கூட்டுக்கதை சிறந்ததா என்பதே அவ்வழக்கு. இதனை வெறும் விருப்பு வெறுப்புப் பற்றிய பூசல் என ஒதுக்குதல் பொருந்தாது. ஒரு படைப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது, காண்போர்க்கு அது செலுத்த வேண்டிய கடன் யாது என்னும் வினாக்கள் இதனுள் அடங்கியுள்ளன. ஆதலின் இதனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் சொற்பொருளை வரையறுத்துக்கொள்ளுதல் வேண்டும். வீரர் பலர் தோன்றுவதாலேயே ஒரு படம் கூட்டுக்கதை ஆகிவிடாது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ‘எக்ஸ்-மென்’ படத்திலும், 2014இல் வெளிவந்த ‘கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி’ படத்திலும் வீரர் பலர் உளர். ஆயின் அவர்கள் அதற்கு முன் திரையில் தனிக்கதை பெற்றவரல்லர். அத்தகையவற்றைக் குழுக்கதை என்றல் தகும். கூட்டுக்கதையோ, முன்னரே தனித்தனிக் கதை பெற்றோரின் சந்திப்பாகும். இம்முறை புதியதன்று. 1940இல் அமெரிக்கச் சித்திரக்கதை இதழ்களில் ‘ஹியூமன் டார்ச்’, ‘சப்-மரைனர்’ என்னும் இருவரும் தம்முள் மோதினர். 1943இல் யூனிவர்சல் நிறுவனம் ஃபிராங்கன்ஸ்டைன் ஆக்கிய உயிரையும் ஓநாய் மனிதனையும் ஒரே படத்திற் சந்திக்கச் செய்தது.

இனி இருதிறத்தார் கூற்றையும் காண்போம். ஒருவன் உள்ளத்தை ஆழ்ந்து காட்ட ஒரு படத்தின் பொழுதே போதாது. அதனைப் பதின்மர்க்குப் பங்கிட்டால் ஒவ்வொருவர்க்கும் எஞ்சுவன சில உரைகளும் சில போர்களுமே என்பர் தனிக்கதையைப் போற்றுவோர். 2008இல் வந்த ‘தி டார்க் நைட்’, 2017இல் வந்த ‘லோகன்’ முதலியவற்றை அவர்கள் சான்று காட்டுவர். மற்றத் திறத்தாரோ, ஓர் உலகில் வாழ்வோர் ஒருவரையொருவர் சந்தியாதிருத்தலே செயற்கை என்பர். ஒருவரது இயல்பு மற்றவரோடு உறழும்போதே நன்கு புலப்படும் என்பதும் அவர்தம் கருத்து. 2012இல் வந்த ‘தி அவெஞ்சர்ஸ்’ படத்தில் டோனி ஸ்டார்க்கின் செருக்கும் ஸ்டீவ் ராஜர்ஸின் கடமையுணர்வும் ஒன்றற்கொன்று உரைகல்லாக அமைந்தமை அக்கருத்துக்கு அரண் செய்கின்றது.

இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. எனினும் இருவரும் வீரரின் எண்ணிக்கையையே அளவுகோலாகக் கொண்டனர், அதுவே குறை. 2016இல் வந்த ‘கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்’ படத்தில் வானூர்தி நிலையத்தில் பன்னிரு வீரர் பொருகின்றனர். ஆயினும் கதையின் கரு ஒன்றே. தன் பெற்றோரைக் கொன்றவன் ராஜர்ஸின் நண்பன் என ஸ்டார்க் அறிகின்றான். அவ்வறிவால் இருவர் நட்பு முறிகின்றது. பலர் இருந்தும் கதை சிதறவில்லை. ஆகவே வேறோர் அளவுகோல் வேண்டப்படுகின்றது.

அவ்வளவுகோலைத் தண்டியலங்காரம் நமக்கு அளிக்கின்றது. அந்நூல் செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என நான்காக வகுக்கின்றது. தனியே நின்று பொருள் நிரம்புவது முத்தகம். பாடல் பல அடுக்கி நின்று, இறுதியில் வரும் ஒரு வினையால் முடிவு பெறுவது குளகம். குளகத்தின் இடைப்பாடல் ஒன்றைப் பிரித்தெடுத்தால் அது முடியாத தொடராகவே நிற்கும். அஃது அதற்குக் குற்றமன்று, இயல்பு. ஆயின் முத்தகம் என எடுத்துக்கொண்ட பாடல் அவ்வாறு முடியாது நின்றால் அது குற்றமாம். அமெரிக்கப் படங்களுக்கும் இந்நூலுக்கும் தொடர்பு இல்லை. எனினும், முடிவு எங்கே உள்ளது என்று கேட்கும் அதன் முறை ஈண்டும் பயன்படுகின்றது.

2008இல் வந்த ‘அயன் மேன்’ ஒரு முத்தகம். படைக்கலம் விற்றுப் பொருளீட்டிய ஒருவன், தன் படைக்கலத்தால் விளைந்த கேட்டைக் கண்டு திருந்துதலே அதன் பொருள். அஃது அப்படத்துள்ளேயே நிரம்புகின்றது. பெயர்ப்பட்டியலுக்குப் பின் நிக் ஃபியூரி தோன்றும் சிறு காட்சியை நீக்கினும் படம் குறைவுபடாது. 2018இல் வந்த ‘அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்’, 2019இல் வந்த ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ ஆகிய இரண்டும் குளகம். முன்னதன் இறுதியில் உயிர்களிற் பாதி மறைகின்றன. ட்சாலா மன்னனும் துகளாகின்றான். அவனைத் தலைவனாகக் கொண்ட ‘பிளாக் பேந்தர்’ அவ்வாண்டுப் பிப்ரவரியில்தான் வெளிவந்திருந்தது. அவன் கதை இத்துணை விரைவில் முடியாது என்பதனைக் காண்போர் எளிதில் உய்த்துணர்வர். அம்மறைவு எச்சமே; முற்றன்று. முற்று, பின்னைய படத்தில் ஸ்டார்க் இறக்குமிடத்தில் வருகின்றது. தன்னலத்தால் தொடங்கியவன் பிறர்பொருட்டு உயிர் ஈந்து முடிகின்றான். அவ்விறப்பின் ஆற்றல் அக்கூட்டுக்கதையில் மட்டும் பிறந்ததன்று. தனிக்கதைகள் விதைத்ததனையே அஃது அறுவடை செய்தது.

விதையாது அறுவடை செய்யப் புகுந்தால் விளைவு யாது? 2017இல் திரையரங்குகளுக்கு வந்த ‘ஜஸ்டிஸ் லீக்’ அதனைக் காட்டுகின்றது. அதில் வரும் அக்வாமேன், ஃபிளாஷ், சைபார்க் ஆகிய மூவர்க்கும் அதுவரை அவ்வரிசையில் தனிப்படம் இல்லை. இரண்டு மணி நேரத்துள் அவர்களை அறிமுகம் செய்து, இணைத்து, வெற்றியும் பெறச் செய்ய முயன்றமையால் எவரும் நெஞ்சில் நின்றிலர். தனிக்கதைகள் முன்வந்திருப்பின் இக்குறை நேராது என்பர் ஒருசாரார். முற்றும் அவ்வாறன்று. 2021இல் இயக்குநர் சாக் ஸ்னைடரின் நான்கு மணி நேர வடிவம் வெளிவந்தது. வீரர் அவரே, பகைவனும் அவனே. ஆயின் சைபார்க் ஆகிய விக்டர் ஸ்டோனுக்கும் அவன் தந்தைக்கும் இடையேயுள்ள மனத்தாங்கலும், தந்தை உயிர் துறத்தலும் அதில் இடம் பெற்றன. அவ்வளவிலேயே அவ்வீரன் கதையின் நடுவிடம் எய்துகின்றான். வேண்டுவது முன்னைப் படம் அன்று. உணர்ச்சிக்கான காரணம் படத்துள் இருத்தலே.

இவ்விடத்தேதான் அண்மைக்காலப் படங்களின் இடர் தோன்றுகின்றது. 2022இல் வந்த ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் இன் தி மல்டிவர்ஸ் ஆஃப் மேட்னஸ்’ பெயரளவில் தனிக்கதை. ஆயின் அதனை இயக்குவது வாண்டா என்பாள் தன் மக்களை இழந்த துயரம். அத்துயரம் விளைந்த இடமோ 2021இல் வந்த ‘வாண்டாவிஷன்’ என்னும் ஒன்பது பகுதித் தொடர். அதனைக் காணாதார்க்கு அவள் சினம் காரணமின்றித் தோன்றும். 2023இல் வந்த ‘தி மார்வெல்ஸ்’ ஒரு படத்தையும் இரு தொடர்களையும் முன்னறிவாக வேண்டி நிற்கின்றது. இவை முத்தகம் என்னும் பெயரோடு வந்த குளகப் பாடல்கள். ஒன்றைக் காண வந்தவன் பலவற்றுக்குக் கடன்பட்டவனாகின்றான். தனிக்கதை வேண்டும் என்று சுவைஞர் முறையிடுவதன் உட்பொருள், தலைவன் ஒருவனே இருத்தல் வேண்டும் என்பதன்று. எடுத்துக்கொண்டதை முடித்துக் காட்டல் வேண்டும் என்பதே என யாம் கருதுகின்றோம்.

முன்னைப் படங்களைச் சார்தல் எப்போதும் குற்றமோ எனின், அன்று. 2021இல் வந்த ‘ஸ்பைடர்-மேன்: நோ வே ஹோம்’ படத்தில் டோபி மக்வயர், ஆண்ட்ரூ கார்ஃபீல்டு, டாம் ஹாலண்டு ஆகிய மூவர் நடித்த மூன்று சிலந்தி மனிதரும் சந்திக்கின்றனர். 2014ஆம் ஆண்டுப் படத்தில் தன் காதலியை வீழ்ச்சியிலிருந்து காக்க இயலாத கார்ஃபீல்டின் பீட்டர், இங்கே வீழ்கின்ற வேறொரு பெண்ணைத் தாங்கிக் காக்கின்றான். பழைய படத்தைக் கண்டார்க்கு அக்காட்சி பெரும்பொருள் தரும். காணாதார்க்கும் அவன் தன் இழப்பை இப்படத்துள்ளேயே முன்னர் எடுத்துரைத்தமையால் விளங்கும். மேலும், இப்படத்தின் இறுதியில் உலகோர் அனைவரும் பீட்டர் பார்க்கரை மறக்கின்றனர். அவன் சிற்றறை ஒன்றில் தனித்து வாழத் தொடங்குகின்றான். பலர் கூடிய கதை ஒருவனது தனிமையில் முற்றுப் பெறுகின்றது.

எனவே இவ்விருவகைக் கதைகளும் ஒன்றற்கொன்று பகையல்ல. ஒரு படத்தை மதிப்பிடுங்கால், அதன் வீரர் எத்துணையர் என எண்ணுதலை விடுத்து, அஃது எவ்வகையாகத் தன்னைக் காட்டிற்று, அவ்வகைக்குரிய முடிவை எய்திற்றா என வினவுதலே திறனாய்வு நெறியாகும்.