தளபதியைத் தேடும் தலைவர்கள்

பாகிஸ்தானிலே பிரதம மந்திரி ஒருவர் தரைப்படைத் தளபதியைத் தெரிவு செய்யும்போது போர்த்திறனையே எடைபோடுகிறார் என்று நம்புவோர் உளராயின், அவர்கள் அந்நாட்டின் வரலாற்றை அறியாதவர்களே. இவர் எனக்கு அடங்கி நடப்பாரா? படைக்குள்ளே இவருக்குச் சொந்தப் பலம் உண்டா? இல்லையெனில் மிக நல்லது. தெரிவு இவ்வாறுதான் நடைபெற்று வந்திருக்கிறது.

1976 மார்ச்சிலே சுல்பிகார் அலி பூட்டோ, மூத்த ஜெனரல்கள் பலரை ஒதுக்கிவிட்டு ஸியா உல் ஹக்கைத் தளபதியாக்கினார். பணிவுள்ளவர், அரசியல் ஆசையற்றவர் என்று கருதியே அவ்வாறு செய்தார் என்பர். அந்தப் பணிவு நீடித்தது பதினாறு மாதங்களே. 1977 யூலை 5 இல் பூட்டோவின் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. 1979 ஏப்ரல் 4 இல் அவர் தூக்கிலிடப்பட்டார்.

ஆளை அறியாமற் பூட்டோ ஏமாந்தார் என்று கூறி விஷயத்தை முடித்துவிடுகிறார்கள் நமது அரசியல் விமர்சகர்கள். வசதியான விளக்கம்தான்! ஆனால் 1972 இல் கராச்சித் தொழிலாளர்மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது யாருடைய ஆட்சியிலே? 1973 இல் பலுச்சிஸ்தானில் மக்கள் தெரிந்தெடுத்த மாகாண அரசைக் கலைத்து, அங்கே படையை ஏவியவர் யார்? 1977 ஏப்ரலில், தேர்தல் மோசடிக்கெதிராக எழுந்த கிளர்ச்சியை அடக்கக் கராச்சியிலும் லாகூரிலும் ஹைதராபாத்திலும் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தவர் யார்? சோஷலிசம் பேசிய பூட்டோவேதான். மக்களை அடக்கும் கருவியாகப் படையை நம்பிய தலைவருக்கு, அக்கருவியைப் பிடிக்கும் கை பணிவான கையாக இருக்கவேண்டியிருந்தது. எந்தப் பணிவாளரைத் தெரிந்திருந்தாலும் முடிவு பெரிதும் வேறுபட்டிருக்குமென நான் நம்பவில்லை.

நவாஸ் ஷெரீப் இதே பாதையில் நடந்தார். 1998 ஒக்டோபரில் தளபதி ஜகாங்கீர் கராமத் பதவி விலகியதும், மூத்தவர் இருவரைத் தாண்டி முஷாரப்பை நியமித்தார். டெல்லியிலே பிறந்து குடிபெயர்ந்த குடும்பத்தவர். பஞ்சாபியரும் பட்டாணியரும் மிகுந்த படையிலே தனிச் செல்வாக்குத் தேடமுடியாதவர் என்பது கணக்கு. மறு ஆண்டு ஒக்டோபர் 12 இல், இலங்கைத் தரைப்படையின் ஐம்பதாண்டு விழாவிற்குக் கொழும்பு வந்து திரும்பிக்கொண்டிருந்த முஷாரப், விமானத்தில் இருக்கையிலேயே பதவி நீக்கப்பட்டார். விமானம் கராச்சியில் இறங்க இடமளிக்கப்படவில்லை. ஆனால் தரையிலே மற்றைய ஜெனரல்கள் அசைந்துவிட்டனர். விமானம் இறங்கியபோது ஷெரீப்பின் ஆட்சி கீழே கிடந்தது.

இலக்கிய ஏட்டிலே படைத்தளபதிகளுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். 1951 ஜனவரியில் அயூப் கான் தளபதியானார். மார்ச்சிலே, ராவல்பிண்டிச் சதி என்ற பெயரால் கவிஞர் ஃபைஸ் அகமது ஃபைஸ் சிறையிடப்பட்டார். நான்காண்டுகள் உள்ளே இருந்தார். 1954 இல் கம்யூனிஸ்ட் கட்சி தடைசெய்யப்பட்டது. ஸியாவின் காலத்திலோ அதே கவிஞர் பெய்ரூத்திலே நாடுகடந்து வாழ நேர்ந்தது. பதவிப் பேரத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

பட்டறிந்த கட்சிகளாவது திருந்தினவா? 2019 இல் இம்ரான் கான் தளபதி பாஜ்வாவின் பதவிக்காலத்தை நீடித்தபோது உச்ச நீதிமன்றம் குறுக்கிட்டது. 2020 ஜனவரியில் அந்நீடிப்புக்கு வழிசெய்யும் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. ஆதரித்து வாக்களித்தவர்களுள் தூக்கிலிடப்பட்டவரின் கட்சியும் இருந்தது, துரத்தப்பட்டவரின் கட்சியும் இருந்தது! 2024 நவம்பரில், அவ்விரு கட்சிகளின் கூட்டாட்சியிலேயே, தளபதியின் பதவிக்காலம் மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக்கப்பட்டது. 2025 மே மாதத்தில் தளபதி அஸீம் முனீருக்கு பீல்ட் மார்ஷல் பட்டமும் சூட்டப்பட்டது. அவருக்கு முன் பாகிஸ்தானில் அப்பட்டத்தைத் தரித்தவர் ஒருவரே. அவர் அயூப் கான்.