கேள்வி கேட்ட கம்ப்யூட்டர்

புத்தம் புது கம்ப்யூட்டரின் பூட்டை முதல் நாளே கழற்றிப் போட்டவன் நான். என்னுடையதுகூட இல்லை. திருவல்லிக்கேணியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அண்ணாச்சி ஒருவருடையது. 2007-ஆம் வருடக் கடைசி. அதுவரை அவர் கடையில் இருந்தது விண்டோஸ் எக்ஸ்பி. எக்ஸ்சேஞ்சில் பழையதைக் கொடுத்துவிட்டு, விஸ்டா போட்டு வந்த புது மெஷினை வாங்கியிருந்தார்.

"தம்பி, இது என்ன, எதைத் தொட்டாலும் சம்மதமா, சம்மதமான்னு கேக்குது? பொண்ணு பார்க்கவா வந்திருக்கு?" என்றார்.

விஸ்டாவோடு குப்பை கொட்டியவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். ஏதாவது ஒரு புரோகிராமைத் திறப்பீர்கள். சட்டென்று திரை இருட்டிவிடும். நடுவில் ஒரு பெட்டி முளைத்து, 'நீங்கள்தான் இதைச் செய்யச் சொன்னீர்களா?' என்று விசாரிக்கும். ஆமாம் என்றால்தான் மேற்கொண்டு நகரும். யூசர் அக்கவுண்ட் கன்ட்ரோல் என்று பெயர். அண்ணாச்சியிடம் இருந்த பழைய தமிழ் கீபோர்டு மென்பொருளை ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் இந்த விசாரணை நடந்தது. ஒரு நாளைக்கு இருபது தடவையாவது திறப்பார்.

நான் கன்ட்ரோல் பேனலுக்குப் போய், அந்தச் சமாசாரத்தையே அணைத்துவிட்டேன். ரீஸ்டார்ட். அப்புறம் கப்சிப். அண்ணாச்சி மசால்வடை வாங்கிக் கொடுத்தார். என்ன நடந்தது என்று பிறகு சொல்கிறேன்.

எக்ஸ்பியை நாம் ஏன் அப்படிக் கொண்டாடினோம்? 2001 அக்டோபர் 25-ல் அது வெளிவந்தபோது, அதற்கு முந்தைய 98-ம் மில்லேனியமும் நம்மை அந்தப் பாடு படுத்தியிருந்தன. இரண்டும் பழைய டாஸ் அஸ்திவாரத்தின்மேல் எழுப்பிய வீடுகள். நினைத்தால் நீலத் திரை. எக்ஸ்பியோ, ஆபீஸ்களுக்கென்று செய்யப்பட்ட என்.டி. அஸ்திவாரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தது. லேசில் விழாது. 64 எம்பி ராம் இருந்தாலே ஒப்பேற்றிக்கொள்ளும். பச்சை மலை, நீல வானம். அடுத்தது வர ஐந்தே கால் வருடம் ஆனது. அதற்குள் ஒரு தலைமுறையே அதில் மவுஸ் பிடித்துப் பழகிவிட்டது. பழகியது என்பதற்கும் நல்லது என்பதற்கும் நடுவில் உள்ள இடைவெளி அப்போது யாருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான்.

எக்ஸ்பியில் ஒரு பெரிய கோளாறு இருந்தது. வீட்டு கம்ப்யூட்டரில் அதை நிறுவினால், உட்காருகிற எல்லோரையும் அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்கிவிடும். பாஸ்வேர்டு கட்டாயமில்லை. நீங்கள் அட்மினிஸ்ட்ரேட்டர் என்றால், நீங்கள் கிளிக் செய்கிற ஒவ்வொரு புரோகிராமும் அட்மினிஸ்ட்ரேட்டர். மாடி போர்ஷனுக்குக் குடிவந்தவரிடம் பீரோ சாவியையும் சேர்த்துக் கொடுத்த மாதிரி. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு வந்தது ஞாபகமிருக்கிறதா? இணையத்தில் இருந்தாலே போதும், அறுபது வினாடி கவுன்ட்டவுன் ஓடி மெஷின் தானே அணையும். அது நுழைந்தது வேறு ஓட்டை வழியாக. ஆனால் மைக்ரோசாஃப்டுக்கு நடுக்கம் கொடுத்தது அதுதான். அடுத்த விண்டோஸில் வேலை செய்துகொண்டிருந்தவர்களை இழுத்துவந்து எக்ஸ்பிக்குப் பூட்டுப் போடும் வேலையில் விட்டார்கள். 2004-ல் வந்த சர்வீஸ் பேக் 2 அதன் பலன். லாங்ஹார்ன் என்ற பெயரில் உருவாகிக்கொண்டிருந்த அடுத்த விண்டோஸோ பின்தங்கிப் போய், அதே 2004-ல் ஏறக்குறைய முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். அதுதான் 2007 ஜனவரி 30-ல் விஸ்டா என்று கடைக்கு வந்தது.

வந்ததும் வாங்கிக் கட்டிக்கொண்டது. அதில் பாதி நியாயம். ஒரு கோப்பைக் காப்பி செய்யச் சொன்னால், எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டே நேரத்தைக் கடத்தும். 2008-ல் முதல் சர்வீஸ் பேக் வந்த பிறகுதான் அது தேவலாம். ஆறு பதிப்புகள். அதில் ஸ்டார்ட்டர் என்ற ஒன்று நம்மைப் போன்ற நாடுகளுக்கென்றே செய்தது. ஒரே சமயத்தில் மூன்று புரோகிராமுக்கு மேல் திறக்க விடாது. ஏழைக்கேற்ற எள்ளுருண்டை.

ஸ்டிக்கர் விவகாரம் இன்னும் மோசம். 2006-ல் விற்ற எக்ஸ்பி கம்ப்யூட்டர்களின் நெற்றியில் 'விஸ்டாவுக்குத் தயார்' என்ற பொருளில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். இன்டெல்லின் 915 சிப்செட் உள்ள மெஷின்களிலும் ஒட்டினார்கள். அவற்றில் விஸ்டாவின் பெருமையான கண்ணாடி ஜன்னல் வித்தை ஓடாது. அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். அந்த வழக்கில் 2008-ல் வெளிவந்த உள் மின்னஞ்சல்களில் ஒன்று, மைக்ரோசாஃப்டின் துணைத் தலைவர்களில் ஒருவரான மைக் நேஷ் எழுதியது. அவரே அந்த ஸ்டிக்கரை நம்பி ஒரு லேப்டாப் வாங்கி ஏமாந்திருக்கிறார். 2,100 டாலர் கொடுத்து மெயில் பார்க்கிற மெஷினாகப் போச்சே என்று புலம்பியிருக்கிறார். விற்கிறவரையே ஏமாற்றிய ஸ்டிக்கர்!

மீதிப் பாதி அநியாயம். பிரிண்டர் ஓடவில்லை, ஸ்கேனர் ஓடவில்லை, திரை திடீரென்று உறைந்துவிட்டது என்று விஸ்டாவைத் திட்டினோம். விஸ்டா டிரைவர்கள் எழுதும் முறையை மாற்றியிருந்தது. கருவி செய்கிறவர்களில் பலர் மெத்தனமாக இருந்துவிட்டார்கள். அதே வழக்கின் ஆவணங்களில் ஒரு பட்டியல் இருக்கிறது. 2007-ல் பதிவான ஒரு தொகுதி கிராஷ்களில் கிட்டத்தட்ட 29 சதவீதத்துக்குக் காரணம் என்விடியாவின் டிரைவர்கள். மைக்ரோசாஃப்டின் பங்கு சுமார் 18. அதுவும் குறைச்சல் இல்லைதான். ஆனால் மொத்தப் பழியும் யார் தலையில் விழுந்தது?

அந்த 'சம்மதமா' பெட்டிக்கு வருகிறேன். 2008-ல் ஒரு பாதுகாப்பு மாநாட்டில் மைக்ரோசாஃப்டின் டேவிட் கிராஸ் பட்டவர்த்தனமாகச் சொன்னார்: எரிச்சலூட்டத்தான் வைத்தோம். தேவையே இல்லாமல் அட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரம் கேட்டே பழகிவிட்ட மென்பொருள்காரர்கள், வாடிக்கையாளர் கத்தினால்தான் திருந்துவார்கள். கத்துவதற்காக நம்மை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள்; சம்பளம்தான் தரவில்லை. திருந்தினார்களா? பெருமளவு திருந்தினார்கள்.

இன்னொன்று, தமிழ் படிக்கிறவர்களாகிய நாம் மறந்துவிட்டது. எக்ஸ்பியில் யூனிகோட் தமிழ் தானாக வராது. ரீஜனல் அண்ட் லாங்குவேஜ் ஆப்ஷன்ஸுக்குள் போய், ஒரு பெட்டியில் டிக் அடித்தால், 'எக்ஸ்பி சிடியைப் போடு' என்று கேட்கும். சிடிக்கு எங்கே போவது? கடைக்காரர் எங்கிருந்தோ ஏற்றிக் கொடுத்த எக்ஸ்பி. ஆகவே தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் கட்டம் கட்டமாக இருக்கும், அல்லது கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். விஸ்டாவில் எந்த டிக்கும் வேண்டாம், எந்த சிடியும் வேண்டாம். திறந்தால் தமிழ். இவ்வளவு பெரிய காரியத்தை நம் ஊரில் யாரும் பாராட்டிய ஞாபகம் எனக்கில்லை. நானும் பாராட்டவில்லை. கண்ணாடி ஜன்னல் மெதுவாகத் திறக்கிறது என்று கிண்டல் செய்து ஒரு துணுக்குதான் எழுதினேன்.

2008-ல் மைக்ரோசாஃப்ட் ஒரு கூத்து செய்தது. விஸ்டா பிடிக்காது என்றவர்களை சான் பிரான்சிஸ்கோவில் கூட்டி, 'மொஹாவி' என்ற புது விண்டோஸ் என்று சொல்லி ஒன்றைக் காட்டினார்கள். பிரமாதம் என்றார்கள். அது விஸ்டாவேதான். விளம்பரமாகவும் ஓட்டினார்கள். எனக்கு இது ஒப்பவில்லை. நல்ல மெஷினில், தெரிந்த ஆள் ஓட்டிக் காட்ட, பார்ப்பதற்கு என்ன கஷ்டம்? சொந்தப் பிரிண்டரை மாட்டிப் பார்க்கவா விட்டார்கள்? ஆனாலும், பெயரைக் கேட்டதுமே மூக்கைச் சுளிக்கிறோம் என்பது அதில் அம்பலமானது உண்மை.

உண்மையான மொஹாவி 2009 அக்டோபர் 22-ல் வந்தது. விண்டோஸ் 7. ஆகா, இதுவல்லவோ விண்டோஸ் என்றோம். அதன் உள் எண் என்ன தெரியுமா? 6.1. விஸ்டாவுடையது 6.0. விஸ்டாவைத்தான் இழைத்து, மெருகேற்றி, கேள்விகளைக் குறைத்துக் கொடுத்தார்கள். டிரைவர்கள் தயாராகியிருந்தன, ராம் விலை இறங்கியிருந்தது, மென்பொருள்காரர்கள் திருந்தியிருந்தார்கள். நான் பி.காம். படித்தவன். ஒரு வருடம் செய்த செலவின் பலன் பின்வரும் வருடங்களில் கிடைக்குமானால், மொத்தத்தையும் அந்த ஒரு வருடத்திலேயே எழுதாதே, பிரித்து எழுது என்பார்கள். டெஃபர்டு ரெவின்யூ எக்ஸ்பெண்டிச்சர். நாம் செலவு முழுவதையும் விஸ்டாவின் பற்றில் எழுதி, வரவு முழுவதையும் 7-ன் பெயரில் வைத்துவிட்டோம். எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடமாட்டார்.

எக்ஸ்பி மீதான பாசமோ லேசில் போகவில்லை. 2014 ஏப்ரல் 8-ஓடு அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. நாலு வருடம் கழித்து, 2018 ஜூனில், ஏடிஎம்களிலிருந்து எக்ஸ்பி போன்றவற்றை எடுங்கள், 2019 ஜூனுக்குள் முடியுங்கள் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கெடு விதிக்க வேண்டியிருந்தது. நம் பணத்துக்குக் காவல் அதுவரை அந்தப் பச்சை மலைதான்.

அண்ணாச்சி கதை பாக்கி. ஆறேழு மாதம் கழித்து, பத்திரிகைக்குப் போட்டோ கொடுக்க வந்த ஒருவர் பென் டிரைவ் கொண்டுவந்தார். உள்ளே 'நியூ ஃபோல்டர்' என்று மஞ்சளாக ஒன்று. ஃபோல்டர் மாதிரி வேஷம் போட்ட வைரஸ். அண்ணாச்சி கிளிக் செய்தார். பூட்டு இருந்திருந்தால், அது சிஸ்டத்தில் கைவைக்கும்போது திரை இருட்டி, சம்மதமா என்று கேட்டிருக்கும். அவர் சம்மதம் என்றே சொல்லியிருப்பாரோ என்னவோ. கேட்கவாவது கேட்டிருக்கும்.

சர்வீஸ் பையன் வந்தான். அவனுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் ஃபார்மட். எட்டு வருடத்து டிசைன்கள் போயின. இரண்டு நாளில் கொடுக்க வேண்டிய ஒரு பத்திரிகையை ராத்திரி முழுக்க உட்கார்ந்து மறுபடி கம்போஸ் செய்தார்கள். புதிதாக எக்ஸ்பி ஏற்றிவிட்டுப் போனான் பையன்.

"எல்லாம் அந்த விஸ்டாவால வந்த வினை, தம்பி" என்றார் அண்ணாச்சி, கண் சிவந்து.

"ஆமா அண்ணாச்சி" என்றேன்.